டாங்கி கழுவப்பட்டது

சேசு மரி சூசை துணை

கல்லருவித் தோட்டம்,
தலவாக்கலை.
4-6-61

அன்புள்ள தெரேசா அக்காவுக்கும் கஸ்பர் மச்சானுக்கும் தம்பி லியனார்ட் எழுதுவது. ஆண்டவர் கிருபையில் நான் சுகம். உங்கள் சுகத்தையும் குட்டி சுகிர்தத்தின் சுகத்தையும் அறிய ஆவல். அக்காவின் முதுகுவலிக்குத் தைலம் தேய்க்கிறீர்களா?

"பூச்சி டாக்டர்கிட்ட உனக்கு அப்படி என்னடா வேலை" என்று போன கடிதத்தில் கேட்டிருந்தீர்கள். டாக்டர் வெலகெதர ஐயா பூச்சி பிடிக்கிறவர் இல்லை. கொழுந்தில் வெள்ளைக் கொப்புளம் போடுமே, அந்த நோயைப் பற்றி ஆராய்கிறவர். அது ஒருவகைப் பூஞ்சணம். இப்போது அதற்குச் செப்பு மருந்துதான் அடிக்கிறார்கள். ஐயா வேறு வழி தேடுகிறார். மண்ணிலிருந்து ஒரு நல்ல கிருமியைப் பிரித்தெடுத்து வைத்திருக்கிறார். பாக்டீரியா என்று பெயர். போன வாரம் பூதக்கண்ணாடியில் எனக்கும் காட்டினார். ஒரு கண்ணாடித் துண்டில் நோயின் விதைத்தூள் எல்லாம் முளைவிட்டிருந்தது. நல்ல கிருமி கலந்த துண்டில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அப்படியே கிடந்தது, அக்கா!

ஏழாம் நம்பர் மலையில் மூன்று துண்டு தேயிலை ஒதுக்கியிருக்கிறோம். ஒன்றுக்கு எதுவும் அடிப்பதில்லை. ஒன்றுக்குச் செப்பு மருந்து. மூன்றாவதுக்கு நல்ல கிருமி வளர்த்த கஞ்சி. வாராவாரம் ஒவ்வொரு துண்டிலும் நூறு கொழுந்து பறித்து, எத்தனையில் கொப்புளம் என்று எண்ணிக் கொப்பியில் எழுதுவது என் வேலை. மருந்தடிப்பது சிவசாமி அண்ணன். செப்பு பட்டால் நல்ல கிருமி செத்துவிடும் என்பதால், முதுகில் மாட்டி மருந்தடிக்கிற டாங்கி கஞ்சிக்குத் தனி.

மச்சானுக்கு என் வணக்கம். சுகிர்தத்துக்கு முத்தம்.

தம்பி,
லியனார்ட்


நுவரெலியா
18-6-61

பாசமுள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கிட்டது. நாங்க மூணு பேரும் நல்ல சுகம். உன் சுகத்துக்குத் தினமும் செபமாலை சொல்றேன். முதுகு கிடக்கட்டும், அது என்னோட பொறந்தது.

உன் கடுதாசிய மச்சானுக்கு ரெண்டு தடவ வாசிச்சுக் காட்டினேன். மொதல்ல சிரிச்சாரு. "கிருமிக்கு மருந்து கிருமியா? அப்ப நம்ம கோழிக்குச் சீக்கு வந்தா இன்னொரு சீக்குக் கோழிய வாங்கி விடணும்போல"ன்னாரு. அப்புறம் ராவு சாப்புடுறப்ப அவரே கேக்குறாரு, "அந்தத் தூள் நெசமாவே மொளைக்கலையாமா?" மார்க்கெட்டுல போயி நாலு பேருகிட்டச் சொல்லியும் வச்சிட்டாரு.

கூலிக்காரங்க லயத்துல பொறந்த பிள்ளை டாக்டருக்குப் பக்கத்துல நின்னு எழுதுது. ஹட்டன்ல நீ படிச்ச காலத்துல நான் மழையில கொழுந்துக் கூடையோட நின்னதெல்லாம் எனக்கு இப்ப மறந்தே போச்சு. நல்லா எண்ணி எழுது. அவசரப்படாத.

முதலாளி அந்தப் பங்கு நிலத்த இந்தப் போகத்துக்கும் எங்களுக்கே விட்டுட்டாரு. ஆவணியில கிழங்கு நடுவோம். குளிருக்கு மார்ப மூடிக்க.

அக்கா
தெரேசா


கல்லருவித் தோட்டம்
13-8-61

அன்புள்ள அக்காவுக்கு, நலம். நீங்கள் எல்லோரும் நலமா? இரண்டு மாதமாகக் கடிதம் போடவில்லை. மன்னிக்க வேண்டும். இங்கே விடாத மழை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் நிற்க முடியவில்லை, ஆட்கள் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலைக்குப் போகிறார்கள்.

கஞ்சி அடிக்கிற டாங்கியின் வாய் உடைந்துவிட்டது. இப்போது இரண்டுக்கும் ஒரே டாங்கிதான். கழுவுவதற்குக் கீழே ஓடைவரை இறங்க வேண்டும், பாதை முழுக்க வழுக்கல். ஒருமாதிரி சமாளிக்கிறோம்.

ஆனால் சந்தோஷமான செய்தி. மூன்றாம் துண்டில் கொப்புளம் சரசரவென்று குறைந்துவருகிறது. ஐயா கொப்பியைப் பார்த்துவிட்டு இருக்கையைவிட்டு எழுந்தே நின்றுவிட்டார்.

மற்றவை பிறகு. சுகிர்தத்தைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

லியனார்ட்


கல்லருவித் தோட்டம்
1-10-61

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும், ஆண்டவர் புண்ணியத்தில் நலம், நலமறிய ஆவல்.

பரிசோதனை முடிந்தது. எதுவும் அடிக்காத துண்டில் நூறு கொழுந்துக்கு அறுபத்திரண்டில் கொப்புளம். செப்பு அடித்ததில் ஒன்பது. நல்ல கிருமி அடித்ததில் பதினான்கு! ஐயா என்னை அவர் பங்களாவுக்குக் கூப்பிட்டு, அவர் கோப்பையிலேயே தேநீர் கொடுத்தார். கட்டுரை எழுதி அச்சுக்கு அனுப்பப் போகிறாராம், அதில் என் பெயரும் வருமாம். பெரிய தொரை கைகொடுத்தார். அடுத்த மழைக்கு நாற்பது ஏக்கரில் செப்பை நிறுத்திவிட்டு இதையே அடிப்பதாகப் பேச்சு.

மலையில் வேலை வாங்குகிற கண்டாக்கையா இப்போது என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார். முன்பெல்லாம் "டேய்".

அம்மா இருந்திருக்கலாம்.

அன்பு மறவாத
லியனார்ட்


நுவரெலியா
9-10-61

என் தங்கமான தம்பிக்கு அக்கா எழுதுறது. சுகம், சுகம். சந்தோசத்துல கோயிலுக்குப் போயி ரெண்டு மெழுகுதிரி கொளுத்திட்டு வந்தேன்.

மச்சான் ஒரு காரியம் கேக்கச் சொன்னாரு. கிழங்குச் செடி நல்லா மதமதன்னு வந்திருக்கு. இனிமே மழையும் பனியும் சேந்தா கருகல் வரும். அதுவும் பூஞ்சணந்தான்னு நீதான் ஒரு தடவ சொன்ன. வருசா வருசம் துருசும் சுண்ணாம்பும் கலக்கி அடிச்சு அவரு கையெல்லாம் வெடிச்சுக் கிடக்கு. உன் நல்ல கிருமியக் கிழங்குக்கும் அடிக்கலாமா? நுவரெலியாவுலயே மொதல்ல நம்ம தோட்டத்துலதான் அடிக்கணும்னு நிக்கிறாரு. டாக்டருகிட்டக் கேக்க வெக்கமா இருந்தா வேணாம். ஆனா நீ கண்டுபிடிச்ச மருந்த நாங்க கேக்காம வேற யாரு கேக்குறது?

முடிஞ்சா இந்த மாசம் ஒரு நாள் லீவு போட்டுட்டு வா. கருவாடு வாங்கி வச்சிருக்கேன்.

அக்கா
தெரேசா


கல்லருவித் தோட்டம்
30-10-61

அன்புள்ள அக்காவுக்கு, நல்லபடி வந்து சேர்ந்தேன். உங்கள் கையால் சாப்பிட்டது இன்னும் வாயில் நிற்கிறது.

நான் கொண்டுவந்து தந்த எட்டுப் போத்தல் கஞ்சியையும் வெயில் படாத இடத்தில் வையுங்கள். மச்சான் அத்தனை நம்பிக்கையாக இருக்கிறார். மழை கூடினால் எனக்கு உடனே எழுதுங்கள். இலையில் ஒரு கரும்புள்ளி தெரிந்தாலும் எழுதுங்கள். உடனே எழுதுங்கள்.

வேறு விசேஷம் இல்லை.

லியனார்ட்


மே/பா. பூரணி ஸ்டோர்ஸ்,
நுவரெலியா
10-12-61

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதுறது. எல்லாரும் சுகம். நீ போட்ட ரெண்டு கடுதாசியும் கெடச்சுது. உடனே எழுத முடியல, வேலை.

இனிமே மேல இருக்கிற விலாசத்துக்கே போடு. வீடு மாறிட்டோம். மார்க்கெட்டுக்குப் பக்கம், வசதிதான். கிழங்கு ஏதோ பரவாயில்ல. மச்சான் ஒரு வேலையா வெளிய போயிருக்காரு.

நத்தார் பெருநாளுக்கு வரேன்னு எழுதியிருந்த. வேணாம்பா. சுகிர்தத்துக்குச் சளி, இடமும் சின்னது. பாஸ்காவுக்குப் பாத்துக்கலாம். உன் ஐயாவுக்கு எங்க வணக்கத்தச் சொல்லு.

அக்கா


கல்லருவித் தோட்டம்
22-1-62

அக்கா,

நேற்று ஞாயிற்றுக்கிழமை நான் நுவரெலியாவுக்கு வந்தேன்.

சொல்லாமல் வந்து நிற்கலாம் என்று பழைய வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது யாரோ ஒரு பெண். நிலத்தில் கிழங்குக்குப் பதில் யாரோ முட்டைக்கோவா நட்டிருந்தார்கள். பக்கத்து வீட்டுக் காளியாயி அக்காதான் எல்லாவற்றையும் சொன்னார். கார்த்திகையில் ஒரு வாரம் மழை பிடித்ததாம். மூன்றே நாளில் செடியெல்லாம் கறுத்து, தெருவரைக்கும் நாறியதாம். மச்சான் துருசு வாங்க ஓடினாராம், அதற்குள் தண்டுவரை அழுகிவிட்டதாம். பங்கு கொடுக்க ஒன்றுமில்லை என்றதும் முதலாளி நிலத்தை எடுத்துக்கொண்டாராம். மச்சான் கினிகத்தேனையில் ரோட்டுக்குக் கல் உடைக்கிறாராம்.

"உன் தம்பி குடுத்த மருந்துதானேன்னு கேட்டதுக்கு, மருந்துமேல தப்பில்ல, நாங்கதான் சரியா அடிக்கலைன்னா உங்க அக்கா" என்று காளியாயி அக்கா சொன்னார்.

பிறகு மார்க்கெட்டுக்கு வந்தேன். பின்பக்கத்துக் குழாயடியில் நீங்கள் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, முழங்கால்வரை சேற்றில் நின்று, யாருடைய லீக்ஸ் கட்டுகளையோ கழுவிக்கொண்டிருந்தீர்கள். நான் பத்து அடி தூரத்தில் இருந்தேன். கூப்பிடவில்லை. நின்றிருந்த பஸ்ஸுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டு, பஸ் புறப்பட்டதும் ஏறி வந்துவிட்டேன்.

அக்கா, நீங்கள் சரியாகத்தான் அடித்தீர்கள். அந்த மருந்து வேலை செய்ததே இல்லை.

ஆடி மாதம் டாங்கி உடைந்தது என்று எழுதினேன் அல்லவா? அதற்குப் பிறகு செப்பு அடித்த டாங்கியில்தான் கஞ்சியையும் ஊற்றினோம். சிவசாமி அண்ணன் முதல் நாளே சொன்னார், "அடியில செப்பு தங்கி நிக்குது தம்பி, ஓடையில போயி கழுவிட்டு வந்துறேன்" என்று. மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்குக் குளிர். அவர் கழுவி ஏறிவர ஒரு மணி நேரம் ஆகும், நானும் காத்திருக்க வேண்டும். "பரவாயில்லண்ணே, ஊத்துங்க" என்றேன். கொப்பியில் "டாங்கி கழுவப்பட்டது" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் "ஆம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வாரமும். ஒன்பது வாரம்.

மூன்றாம் துண்டைக் காப்பாற்றியது டாங்கியில் ஒட்டியிருந்த செப்பு. நல்ல கிருமி டாங்கிக்குள்ளேயே செத்திருக்கும். எண்ணிக்கை இறங்க இறங்க எனக்கு உள்ளுக்குள் தெரிந்தது. ஆனால் ஐயா எழுந்து நின்றார், தொரை கைகொடுத்தார். செப்பு கொஞ்சமாகத்தானே இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நீங்கள் போத்தல் கேட்டபோது தர மாட்டேன் என்பதற்கு ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அதை வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. உங்கள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, "துருசும் செப்புதான், அதத் தொடாதீங்க மச்சான், பட்டா நல்ல கிருமி செத்துரும்" என்று சொன்னவனும் நான்தான். அவர் தலையாட்டிய தலையாட்டல் கண்ணைவிட்டுப் போகவில்லை.

இன்னும் ஐயாவிடம் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்கக்கூட எனக்கு வாயில்லை.

லியனார்ட்


கல்லருவித் தோட்டம்
25-2-62

அன்புள்ள அக்காவுக்கு, நான் உடம்புக்கு நலம். மச்சானும் சுகிர்தமும் நீங்களும் எப்படி இருக்கிறீர்கள்? ஒரு மாதமாகப் பதில் இல்லை. எதிர்பார்க்கவும் எனக்கு உரிமை இல்லை.

ஐயாவிடம் சொல்லிவிட்டேன். வைகாசியில் நாற்பது ஏக்கருக்குச் செப்பை நிறுத்துவதாகக் கடுதாசி தயாராகிக்கொண்டிருந்தது. அது நடந்தால் மலை முழுக்கக் கொப்புளம் விழும். கொழுந்து இல்லையென்றால் பறிக்கிற பெண்களுக்குப் பேர் விழாது, கூலி கிடைக்காது. உங்கள் தோட்டத்தைப் பார்த்த பிறகு அதை நினைத்துத் தூங்க முடியவில்லை.

கொப்பியை மேசையில் விரித்து, அந்த ஒன்பது கட்டத்தையும் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். "இதெல்லாம் பொய் ஐயா" என்றேன்.

அவர் கொப்பியைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். பிறகு, "வேறு யாருக்குத் தெரியும்?" என்று கேட்டார்.

"சிவசாமிக்கு. அவர் கழுவணும்னுதான் சொன்னார். நான்தான் வேண்டாமென்றேன்."

"கட்டுரை அச்சுக்குப் போய்விட்டது, தெரியுமா?"

"தெரியும் ஐயா."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒன்பது வாரத்தில் ஒரு நாளாவது நான் மழையில் மலைக்கு ஏறி வந்திருக்கலாம்" என்றார். "எனக்கு இந்த எண்கள் பிடித்திருந்தன, லியனார்ட். அதனால் வரவில்லை." திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று இரவே கட்டுரையைத் திருப்பி அனுப்பச் சொல்லித் தந்தி கொடுத்தார்.

தொரை என்னை அன்றே தோட்டத்தைவிட்டு அனுப்பச் சொன்னார். ஐயாதான், இந்தப் பரிசோதனையைத் திரும்பச் செய்து முடிக்கும்வரை இருக்கட்டும் என்று கேட்டு வாங்கினார். கொப்பி என்னிடமிருந்து போய்விட்டது. டாங்கியை முதுகில் சுமந்து அடிப்பது இனி நான். கஞ்சிக்குப் புது டாங்கி வந்திருக்கிறது, அதையும் அடித்து முடித்ததும் ஓடையில் கழுவ வேண்டும். "கழுவப்பட்டது" கட்டத்தில் கையெழுத்துப் போடுவது சிவசாமி அண்ணன். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். நான் கழுவும்போது ஓடைக்கே வந்து கல்லில் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போடுகிறார். பரிசோதனை இன்னும் தொடங்கவில்லை, இது ஒத்திகைதான். அதற்கே அப்படி.

கண்டாக்கையா பழையபடி "டேய்" என்கிறார். லயத்தில் சிலர் சிரிக்கிறார்கள். சிவசாமி அண்ணன் ஒருநாளும் சிரித்ததில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது.

லியனார்ட்


கல்லருவித் தோட்டம்
16-9-62

அன்புள்ள அக்காவுக்கும் மச்சானுக்கும், நலம் விசாரித்து எழுதுகிறேன். போன கடிதமும் அதற்கு முந்தியதும் கிடைத்தனவா என்றே தெரியவில்லை. பூரணி ஸ்டோர்ஸில் கேட்டுப் பார்க்கிறீர்களா? கிடைத்தும் எழுதாமலிருந்தால் அதுவும் நியாயம்தான்.

இந்த வருஷப் பரிசோதனை நேற்று முடிந்தது. எண்ணும்போது ஐயாவே மலைக்கு வந்து, தொப்பியில் மழை வழிய நின்றார். சாக்கு விரித்துக் கொழுந்தைக் கொட்டி, ஐயா ஒருமுறை, நான் ஒருமுறை, சிவசாமி அண்ணன் ஒருமுறை, மூன்று பேரும் தனித்தனியாக எண்ணினோம்.

எதுவும் அடிக்காதது அறுபத்து நான்கு. செப்பு எட்டு. நல்ல கிருமி ஐம்பத்தைந்து.

அவ்வளவுதான், அக்கா. நூற்றுக்கு ஒன்பது குறைவு. கண்ணாடித் துண்டில் அப்படி அடக்கிவைக்கிற கிருமி இலைமேல் நிற்கவில்லை. மழை கழுவிவிடுகிறதோ, வெயில் கொல்கிறதோ, ஐயாவுக்கும் தெரியவில்லை. மண்ணிலிருந்து எடுத்தது மண்ணில் நிலைக்கலாம் என்று, அடுத்து நாற்று மேடையில் வேர்நோய்க்குப் பார்க்கப் போகிறார். பலன் தெரிய எத்தனை வருஷமோ. "இருக்கிறாயா?" என்று கேட்டார். டாங்கி தூக்கவாவது இருக்கிறேன் என்றேன்.

மச்சான் இதை வாசிப்பாரா தெரியாது. வாசித்தால், அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லுங்கள். எழுத்தில் கேட்பது கோழைத்தனம் என்று தெரியும்.

லியனார்ட்


நுவரெலியா
3-10-62

தம்பி லியனார்டுக்கு அக்கா எழுதுறது. நாங்க சுகம். உன் மூணு கடுதாசியும் கெடச்சுது. மூணையும் அரிசிப் பானைக்கு அடியில வச்சிருக்கேன்.

ஏன் எழுதலைன்னா, கோவம். மருந்து பொய்யாப் போனதுக்கு இல்ல. பெரிய பெரிய டாக்டருக்கே பொய்யாப் போவுது. நீ தெரிஞ்சிக்கிட்டே என் சோத்தத் தின்னுட்டு, அந்த மனுசன் கையில போத்தலக் குடுத்துட்டுப் போனியே, அதுக்கு. அத நெனச்சா இப்பவும் வவுறு எரியுது. இல்லேன்னு பொய் எழுத மாட்டேன். நானும் ஏற்கெனவே நெறைய எழுதிட்டேன்.

மார்கழியில கிழங்கு பரவாயில்லன்னு எழுதுனேன். அன்னிக்கு வீட்டுல அடுப்பே எரியல. உன் மருந்தால போச்சுன்னு எழுதினா நீ ஒடஞ்சு போயிருவன்னு மச்சான் கிட்டச் சொன்னேன். அது பாதிதான் நெசம். டாக்டர் தம்பி டாக்டர் தம்பின்னு ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்சவ நான். இந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு எப்புடி எழுதுறது?

இன்னொன்னும் சொல்லணும். ஒம்பது மாசமா நெஞ்சுலயே கெடக்கு. அந்த ஞாயித்துக்கிழமை நான் உன்னப் பாத்தேன்.

தலவாக்கலை பஸ்ஸுக்குப் பின்னால உன் சப்பாத்து தெரிஞ்சுது. சேறு ஒட்டாம நடக்குற நடைய எனக்குத் தெரியாதா? நீ கூப்புடுவன்னு நெனச்சேன். அப்புறம் ஐயோ கூப்புட்டுறக் கூடாதேன்னு நெனச்சேன். சாக்க இழுத்து மூஞ்சிய மூடிக்கிட்டேன். லீக்ஸக் கழுவுறாப்புல குனிஞ்சே இருந்தேன், பஸ் போற சத்தம் கேக்குற மட்டும். நீ ஓடி ஒளிஞ்சன்னு எழுதியிருக்க. நானுந்தான் ஒளிஞ்சேன். உன்கிட்ட இருந்து.

மச்சான் ஆடியிலயே கல்லு வேலைய விட்டுட்டு வந்துட்டாரு. கணேசமூர்த்தி அண்ணன் சொல்லி வேற ஒரு முதலாளிகிட்டக் கொஞ்சம் நிலம் பங்குக்குக் கெடச்சிருக்கு. பழையதுல பாதிகூட வராது. கிழங்குதான் போட்டிருக்காரு. துருசும் வாங்கி வச்சிட்டாரு. உன் பேர எடுத்தா எந்திரிச்சு வெளிய போயிருவாரு, இந்த ஒரு வருசமா அப்புடித்தான்.

நேத்து உன் மூணாவது கடுதாசிய நான் பாட்டுக்குச் சத்தமா வாசிச்சேன். எந்திரிக்கல. திரும்பி உக்காந்து மம்பட்டிக்குக் காம்பு சீவிக்கிட்டே இருந்தாரு. முடிஞ்சப்புறம் கேட்டாரு, "அந்த அம்பத்தஞ்சு, அது நெசமா எண்ணினதுதானான்னு அவன்கிட்டக் கேளு."

அவ்வளவுதான் கேட்டாரு. ஆனா பதிலுக்குக் காத்துக்கிட்டு இருக்காரு, எனக்குத் தெரியும்.

நீ எழுதாத. வந்து அவரு மூஞ்சியப் பாத்துச் சொல்லு. வாற ஞாயித்துக்கிழமை நான் குழாயடியிலதான் நிப்பேன்.

அக்கா
தெரேசா